40 சதவீதம் கம்மி: ஒரு கார் பாதுகாப்புக் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது

போன மாதம் மச்சானோடு ஒரு கார் ஷோரூமுக்குப் போயிருந்தேன். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வேலை சென்னையில், குடும்பம் திருச்சியில். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி வாக்கில் வீடு போய்ச் சேருவான். ஐந்து வருடமாக இதே ஓட்டம்தான். பழைய வண்டி போதும், புதுசு எடுக்கலாம் என்று முடிவு செய்து, "நீங்க கம்ப்யூட்டர் ஆளு, வாங்க மாமா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

விற்பனையாளர் தம்பி நன்றாகத்தான் பேசினார். டாப் மாடலில் 'ஏடாஸ்' இருக்கிறதாம். அதாவது ஓட்டுநருக்கு உதவி செய்கிற மின்னணு அமைப்புகள்: ஆபத்து வந்தால் தானே பிரேக் போடும், லேனை விட்டு விலகினால் ஸ்டியரிங்கைத் திருப்பும், முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். கீழ் மாடலை விட ஒன்றரை லட்சம் அதிகம். மச்சான் யோசித்தபோது அவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "இது இருந்தா ஆக்சிடென்ட் நாப்பது பர்சென்ட் கம்மி சார். அமெரிக்க கவர்ன்மென்ட்டே சொல்லியிருக்கு."

மச்சான் என் பக்கம் திரும்பினான். "அப்ப நமக்கு நல்லதுதானே மாமா? நைட்டு கண்ணு லேசா அசந்தாலும் வண்டி பாத்துக்கும்ல."

அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த 40 எனக்குப் பழைய சிநேகிதன். அது எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, எப்போது செத்தது என்று ஓரளவுக்குத் தெரியும். செத்த பிறகும் இப்படி ஷோரூம் ஷோரூமாகச் சுற்றுகிறது என்பதுதான் புதுச் செய்தி. அதனால் இந்தப் பதிவு.

எண் பிறந்த கதை

2016 மே 7. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், வில்லிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு நெடுஞ்சாலை. ஆட்டோபைலட் இயக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு டெஸ்லா மாடல் எஸ், குறுக்கே திரும்பிய ட்ரெய்லர் லாரிக்கு அடியில் புகுந்தது. காரும் பிரேக் போடவில்லை, ஓட்டியவரும் போடவில்லை. அவர் இறந்துவிட்டார்.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமை (என்.எச்.டி.எஸ்.ஏ.) விசாரணை தொடங்கியது. வண்டியில் குறைபாடு இருக்கிறதா, திரும்பப் பெறச் சொல்ல வேண்டுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. 2017 ஜனவரியில், குறைபாடு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று சொல்லி விசாரணையை மூடினார்கள். அந்த அறிக்கையின் உள்ளே ஒரு சின்னப் பத்தி, பக்கத்தில் இரண்டே கம்பங்கள் உள்ள ஒரு வரைபடம். 'ஆட்டோஸ்டியர்' என்ற லேனுக்குள் ஓட்டும் மென்பொருள் நிறுவப்படுவதற்கு முன், பத்து லட்சம் மைலுக்கு 1.3 தடவை ஏர்பேக் விரிந்திருக்கிறது. நிறுவிய பின் 0.8 தடவை. ஆக, விபத்து விகிதம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது.

அவ்வளவுதான். முறை பற்றிய விளக்கம் இல்லை, பிழை வரம்பு இல்லை, தரவும் இல்லை. ஆனால் மறுநாள் செய்தித் தலைப்பு எல்லாம் அந்த 40தான். 2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் ஆட்டோபைலட்டில் போன இன்னொரு கார் சாலைப் பிரிவில் மோதி ஓட்டியவர் இறந்தபோது, டெஸ்லா தன் விளக்கத்தில் அந்த அரசாங்க எண்ணை நினைவுபடுத்தியது. அதற்குப் பிறகுதான், 2018 மே மாதம், முகமை வாயைத் திறந்தது: அது மேலோட்டமான ஒப்பீடு மட்டுமே, அந்தத் தொழில்நுட்பத்தின் பலனை நாங்கள் மதிப்பிடவே இல்லை, ஆட்டோஸ்டியர் இயக்கத்தில் இருந்ததா என்பதையும் பார்க்கவில்லை.

பதினாறு மாதம் கழித்து. அதற்குள் அந்த எண் எத்தனை பேர் நம்பிக்கையாக மாறியிருக்கும்?

பகுதியில்தான் விஷயம்

பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தது ஞாபகம் இருக்கும். மேலே தொகுதி, கீழே பகுதி. விபத்து விகிதம் என்பது ஒரு பின்னம். மேலே விபத்து எண்ணிக்கை, கீழே ஓடிய தூரம். நாம் எல்லாரும் மேலே உள்ளதையே பார்க்கிறோம், ஏன்னா அதுலதான் ரத்தம் இருக்கு. ஆனால் கணக்கு கெடுவது பெரும்பாலும் கீழே.

மேரிலாந்தில் குவாலிட்டி கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்று ஒரு சிறிய புள்ளியியல் நிறுவனம். அதை நடத்தும் ராண்டி விட்ஃபீல்டுக்கு அந்த இரண்டு கம்பங்கள் மேல் சந்தேகம். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் மூலத் தரவைக் கேட்டார். வணிக ரகசியம் என்று மறுத்தார்கள். நீதிமன்றம் போனார். கடைசியில் தரவு கைக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் அவருடைய ஆய்வு வெளியானது.

தரவில் இருந்தது 43,781 கார்கள். ஒவ்வொரு காருக்கும், மென்பொருள் நிறுவப்படுவதற்கு முன் எத்தனை மைல் ஓடியது, பின் எத்தனை மைல் ஓடியது என்று தெரிய வேண்டும். அதற்கு, நிறுவிய நேரத்தில் ஓடோமீட்டர் என்ன காட்டியது என்பது தெரிந்தாக வேண்டும். பாதிக்கும் மேற்பட்ட கார்களுக்கு அது சரியாகத் தெரியாது. 'முன்'னுக்கான கடைசி அளவு ஒரு இடத்தில் நிற்கும், 'பின்'னுக்கான முதல் அளவு வேறொரு இடத்தில் தொடங்கும், நடுவில் ஓடிய மைல்கள் யார் கணக்கிலும் வராது. சில கார்களுக்கு அளவே காலியாக இருந்தது. ஆனால் அந்தக் கார்களின் விபத்துகள் மட்டும் எண்ணப்பட்டன.

இது என்ன செய்யும் என்று ஒரு பொம்மைக் கணக்கில் பார்ப்போம். எண்கள் எல்லாம் நான் சும்மா எடுத்தவை.

10 கார்கள். ஒவ்வொன்றும் மென்பொருளுக்கு முன் 10,000 மைல், பின் 10,000 மைல் ஓடியது. முன்னால் ஒரு விபத்து, பின்னால் ஒரு விபத்து. அதாவது 1 லட்சம் மைலுக்கு 1, இரண்டு பக்கமும். மென்பொருளால் எந்த மாற்றமும் இல்லை. இப்போது 5 கார்களின் 'முன்' மைல் தொலைந்துபோனது என்று வையுங்கள். காலியான இடத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக் கூட்டினால் முன்பக்க மொத்தம் 50,000 மைல். விபத்து அதே 1. ஆக, 1 லட்சம் மைலுக்கு 2. பின்பக்கம் 1. வாழ்த்துகள், விபத்து 50 சதவீதம் குறைந்துவிட்டது!

ஒரு விபத்தும் குறையவில்லை. பகுதி சுருங்கியது, விகிதம் ஊதியது, அவ்வளவுதான்.

விட்ஃபீல்டு, முன்னும் பின்னும் மைல் சரியாக, இடைவெளியில்லாமல் பதிவான கார்களை மட்டும் பிரித்தார். 43,781-ல் தேறியது 5,714. அவற்றில் ஏர்பேக் விகிதம் 0.76-லிருந்து 1.21 ஆக ஏறியிருந்தது. 40 சதவீதம் குறைவு என்று சொன்ன இடத்தில் 59 சதவீதம் அதிகம்.

இங்கே நான் கொஞ்சம் நிதானமாக இருக்க விரும்புகிறேன். இந்தக் கதையைச் சொல்கிற பலர் 59-ஐப் பிடித்துக்கொண்டு 'ஆட்டோபைலட் ஆபத்து, நிரூபணம் ஆகிவிட்டது' என்கிறார்கள். அதுவும் தப்பு. 5,714 என்பது மொத்தத்தில் 13 சதவீதம். தரவு ஒழுங்காகப் பதிவான கார்கள் மற்ற கார்களைப் போலத்தான் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெரும்பாலான கார்களைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களே என்று டெஸ்லா கேட்டதில் நியாயம் உண்டு. 59 நமக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தரவை வைத்து 40 என்று சொல்ல முடியாது. எந்த எண்ணும் சொல்ல முடியாது.

மைல் சரியாக இருந்தாலும்...

ஒரு வாதத்துக்கு, ஓடோமீட்டர் எல்லாம் சுத்தமாக இருந்தது என்றே வைப்போம். அப்போதும் அந்த ஒப்பீடு தேறாது.

முதல் காரணம், அறிக்கை ஒப்பிட்டது மென்பொருள் 'நிறுவப்பட்ட' மைல்களை, 'பயன்படுத்திய' மைல்களை அல்ல. டாக்டர் சீட்டு எழுதினது வேற, நோயாளி மாத்திரை விழுங்கினது வேற. நிறுவிய பிறகு ஓடிய மைல்களில் ஆட்டோஸ்டியர் இயங்கியது எவ்வளவு என்று பார்க்காமல் அதன் பலனைச் சொல்ல வழியில்லை.

இரண்டாவது, அதே கார்களுக்கு 2015 மார்ச்சில் தானியங்கி அவசர பிரேக் மென்பொருள் மேம்படுத்தலாக வந்தது. ஆட்டோஸ்டியர் வந்தது அதே வருடம் அக்டோபரில். அப்படியானால் 'முன்' என்கிற காலத்தில் அவசர பிரேக் இல்லாத மாதங்களும் கலந்து கிடக்கின்றன. ஏதாவது குறைந்திருந்தால் யார் காரணம்? ஸ்டியரிங்கா, பிரேக்கா? இரண்டு மருந்து கொடுத்துவிட்டு ஒன்றுக்கு மட்டும் மாலை போடக் கூடாது.

மூன்றாவது, 'முன்' மைல்கள் என்பது புது வண்டியின் ஆரம்ப மைல்கள். கைக்குப் பழகாத நேரம். பழகிய பிறகு விபத்து தானாகவே குறையலாம்.

இந்த வகைக் குழப்பம் அந்த அறிக்கையோடு முடியவில்லை. ஆட்டோபைலட்டில் இத்தனை லட்சம் மைலுக்கு ஒரு விபத்து, மற்றவர்களுக்கு இத்தனை மைலுக்கே ஒன்று என்று டெஸ்லா பிறகு தொடர்ந்து வெளியிட்டு வந்தது. ஆட்டோபைலட்டைப் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் போடுவார்கள். மைலுக்கு மைல் பார்த்தால், சந்தும் சிக்னலும் உள்ள ஊர்ச் சாலையை விட அது எப்போதுமே விபத்து குறைந்த இடம். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஆய்வாளர் நோவா குடால், சாலை வகையையும் ஓட்டுநர் வயதையும் சரிக்கட்டிப் பார்த்தபோது அந்தப் பெரிய வித்தியாசம் கரைந்துபோனதைக் காட்டினார்.

என் வீட்டுக் கண்ணாடி

அமெரிக்க அதிகாரிகளைத் திட்டி எழுதுவது சுலபம். ஆனால் இதே தப்பை நானே செய்திருக்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரு பேமென்ட் மென்பொருளின் புதுப் பதிப்பை வெளியிட்டோம். பழைய பதிப்பை விடப் பிழை விகிதம் 30 சதவீதம் குறைந்தது என்று ஸ்லைடு போட்டேன். கைதட்டல் கிடைத்தது. அந்த எண்ணை நம்பி, பழைய பதிப்பை ஒரு மாதம் கூடவே ஓட்டும் திட்டத்தைக் கைவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு ஜூனியர் பொண்ணு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணா, பழைய வெர்ஷன் ஓடினப்ப நாலு நாள் லாக் சர்வர் படுத்திருந்தது. அந்த நாலு நாள் ரிக்வெஸ்ட் கவுண்ட் எல்லாம் நல். எரர் மட்டும் வேற டேபிள்ல இருந்து வந்திருக்கு."

மேலே முழுசாக, கீழே ஓட்டையாக. அதே பின்னம், அதே தப்பு. திருத்திக் கணக்கிட்டால் வித்தியாசமே இல்லை. தரவு காலியாக இருப்பதும் பூஜ்யமாக இருப்பதும் ஒன்றில்லை என்று முதல் வருடமே கற்றுக்கொள்கிறோம். ஆனால் எண் நமக்குப் பிடித்த பக்கம் வரும்போது, யாரும் காலியிடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. 30 சதவீதம் மோசம் என்று வந்திருந்தால் அன்று ராத்திரியே தோண்டியிருப்பேன்.

என் தப்பில் யாருக்கும் அடிபடவில்லை. அது அதிர்ஷ்டம்.

அப்ப எப்படித்தான் அளப்பது?

ஒழுங்காக அளந்தவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்த மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, 1980களில் மியூனிக் நகரில் நடந்த டாக்சி சோதனை. ஒரே டாக்சி நிறுவனம், ஒரே மாதிரி கார்கள். பாதிக்கு ஏபிஎஸ் பிரேக், பாதிக்கு இல்லை. சோதனைத் தளத்தில் ஏபிஎஸ் பிரமாதம். ஈரத்தில் பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது, ஸ்டியரிங் கேட்கும். அப்படியானால் விபத்து குறைந்திருக்க வேண்டும். பல ஆண்டு பார்த்ததில் இரண்டு பக்கமும் விபத்து விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஏன் என்று பார்க்க, பயணி மாதிரி ஆட்களை ஏற்றினார்கள். எந்த வண்டியில் ஏபிஎஸ் என்று அவர்களுக்குத் தெரியாது. ஏபிஎஸ் உள்ள வண்டிகளின் ஓட்டுநர்கள் இன்னும் ஒட்டி ஓட்டினார்கள், இன்னும் முரட்டுத்தனமாகத் திரும்பினார்கள். கிடைத்த பாதுகாப்பை அவசரமாக மாற்றிச் செலவழித்துவிட்டார்கள்.

டாக்சிக்காரர்கள் தனி இனம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதே என்.எச்.டி.எஸ்.ஏ. 2009-ல் வெளியிட்ட விரிவான மதிப்பீட்டில், ஏபிஎஸ் உயிரிழப்பு விபத்துகளில் கிட்டத்தட்ட பூஜ்ய நிகர விளைவையும், கார்களின் உயிரிழப்பில்லாத விபத்துகளில் 6 சதவீதக் குறைவையும் தருவதாகக் கண்டது. பாதசாரிகள் மேல் மோதுவது குறைந்தது, சாலையை விட்டு ஓடிக் கவிழ்வது கூடியது. ஒரே முகமை, ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு நன்றாகச் செய்யும் என்பதற்கு இதுவே சாட்சி.

இரண்டாவது, ஈஎஸ்சி என்கிற, வண்டி சறுக்காமல் நிலைநிறுத்தும் அமைப்பு பற்றி 2004-ல் வந்த ஸ்வீடன் ஆய்வு. அவர்களுக்கும் எந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாது. ஆனால் காலியிடத்தைப் பூஜ்யமாக்கவில்லை. காய்ந்த சாலையில் பின்புறம் மோதும் விபத்தை எடுத்தார்கள். சறுக்கலைத் தடுக்கும் கருவிக்கு அந்த விபத்தோடு சம்பந்தமே இல்லை. ஆகவே அந்த விபத்துகளின் எண்ணிக்கையே, அந்த வண்டிகள் சாலையில் எவ்வளவு நேரம் இருந்தன என்பதற்கு ஒரு அளவுகோல். அதைப் பகுதியாக வைத்து மற்ற விபத்துகளைப் பார்த்தார்கள். 22 சதவீதக் குறைவு, ஈரத்திலும் பனியிலும் இன்னும் அதிகம். கூடவே ஒரு வரி: கூட்டல் கழித்தல் 21. அதாவது உண்மை 1-லும் இருக்கலாம், 43-லும் இருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். இந்த நாணயம்தான் எனக்கு வேண்டும். பிறகு பல நாடுகளில் வந்த ஆய்வுகள் ஈஎஸ்சி பலனை உறுதிசெய்தன. அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதைக் கட்டாயமாக்கின.

ஏபிஎஸ் ஏமாற்றியது, அதன் தம்பியான ஈஎஸ்சி ஜெயித்தது. என் ஊகம் இது: ஏபிஎஸ் இருப்பது பிரேக் மிதிக்கும்போது காலுக்குத் தெரியும், அதை நம்பி ஓட்டத் தோன்றும். ஈஎஸ்சி வேலை செய்வது பெரும்பாலானவர்களுக்கு வருடக்கணக்கில் தெரியாது. தெரியாத பாதுகாப்பை யாரும் செலவழிக்க முடியாது.

மூன்றாவது, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகத்தின் ஜெசிக்கா சிச்சினோ 2017-ல் வெளியிட்டது. எச்சரிக்கையோடு தானியங்கி அவசர பிரேக் உள்ள கார்கள், முன்னால் போகும் வண்டியின் பின்புறம் மோதுவது 50 சதவீதம் குறைவு. வெறும் எச்சரிக்கை ஒலி மட்டும் இருந்தால் 27. இது ஷோரூம் எண்ணை விடப் பெரிது, நம்பவும் தகுந்தது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு, அதை யாரும் விளம்பரத்தில் போடமாட்டார்கள்: இப்படித் தானே பிரேக் போடும் கார்கள் பின்னாலிருந்து இடிபடுவது 20 சதவீதம் கூடியிருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு ஓஎம்ஆர் ஞாபகம் வந்தது. நண்பர் ஒருவரின் காரை அங்கே தொடர்வேக வசதியைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். கார் முன்னால் ஒழுங்காக இடைவெளி விடும். நம்மூரில் இடைவெளி என்றால் அழைப்பிதழ். ஒரு ஆட்டோ நுழையும், கார் பிரேக் போடும். ஒரு பைக் நுழையும், மறுபடி பிரேக். பின்னால் ஒரு தண்ணி லாரி. சோழிங்கநல்லூர் வருவதற்குள் அணைத்துவிட்டேன்.

அணைப்பதும் மதிப்பீட்டில் சேர்த்தி. அதே கழகம், சர்வீஸுக்கு வந்த கார்களைப் பார்த்ததில், முன்மோதல் தடுப்பு 93 சதவீத வண்டிகளில் இயக்கத்தில் இருந்தது, லேன் எச்சரிக்கை வகை 51 சதவீதத்தில்தான். கத்திக்கொண்டே இருக்கும் கருவியின் வாயை மக்கள் மூடிவிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அது எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பிரயோஜனம்?

திரை என்கிற கழித்தல்

இதுவரை பேசியது பாதுகாப்பைக் கூட்டுவதற்காக வைத்தவை. அதே டேஷ்போர்டில் டேப்லெட் அளவுக்கு ஒரு திரையும் இருக்கிறது. அது கழித்தல் பக்கம்.

ஸ்வீடனின் வி பிலாகரே பத்திரிகை 2022-ல் ஒரு எளிய சோதனை செய்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு சின்ன வேலைகள். வெறும் பட்டன்கள் உள்ள 2005 வால்வோவில் 10 விநாடியில் முடிந்தது. திரையை நம்பிய ஒரு புது எம்ஜி காரில் 44.6 விநாடி. பிரிட்டனில் 2020-ல் சிமுலேட்டரில் பார்த்ததில், ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் தொட்டு இயக்கும்போது எதிர்வினை நேரம் 53 சதவீதமும், ஆப்பிள் கார்ப்ளேயில் 57 சதவீதமும் கூடியது. குரலால் இயக்கினாலும் 30, 36.

கவனியுங்கள், இங்கே யாரும் விபத்தை அளக்கவில்லை, விநாடியை அளக்கிறார்கள். ஏன்னா, மோதுகிற அந்த நொடியில் ஓட்டுநர் கண் திரையில் இருந்ததா என்று விபத்துப் பதிவேட்டில் பெரும்பாலும் இருக்காது. இந்தப் பின்னத்தில் பகுதி மட்டுமில்லை, தொகுதியும் காலி. ஒரே காரில் உதவி அமைப்பு கூட்டுகிறது, திரை கழிக்கிறது. நிகரம் என்ன என்று யாரும் சொல்வதில்லை. விற்பவர் கூட்டலை மட்டும் சொல்கிறார்.

மச்சானின் இரவு

சரி, ஷோரூமுக்கு வருவோம்.

மச்சானுக்கு நான் அனுப்பியது மூன்று கேள்விகள். எந்த எண்ணைக் கேட்டாலும் கேள்: கீழே என்ன இருக்கு, எதுக்குக் கீழே வச்சாங்க? யாரோட ஒப்பிட்டாங்க? எந்த ரோட்டுல, எந்த நேரத்துல?

மூன்றாவதுதான் அவனுக்கு முக்கியம். சிச்சினோ 2022-ல் பாதசாரிகளைக் கண்டறியும் அவசர பிரேக்கை ஆராய்ந்தார். மொத்தத்தில் பாதசாரி விபத்து 27 சதவீதம் வரை குறைவு. நல்ல எண்தான். ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் பலன் இருந்ததற்கு ஆதாரமில்லை. விழுப்புரம் தாண்டி, உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் நடுவில், ராத்திரி பதினொன்றரைக்கு என்ன வெளிச்சம் இருக்கும் என்று அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, எதிர்த் திசையில் வரும் பைக், சாலையைக் கடக்கும் ஆள். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அமெரிக்க நெடுஞ்சாலை எண்ணை அப்படியே கொண்டுவந்து இந்தச் சாலையில் ஒட்ட முடியாது.

'கண்ணு லேசா அசந்தாலும்' என்றானே, அதற்கும் பதில் இருக்கிறது. ஃப்ளோரிடா விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது: ஆட்டோபைலட் ஓடிய 37 நிமிடத்தில், ஸ்டியரிங்கில் கை பட்டதாகக் கார் உணர்ந்தது மொத்தம் 25 விநாடி. இன்றைக்கு அதைவிட நல்ல அமைப்புகள் வந்துவிட்டன, உண்மைதான். ஆனாலும் 2024-ல் அதே காப்பீட்டுக் கழகம், லேனில் தானே ஓட்டும் இந்த அரைத் தானியங்கி வசதி விபத்தைத் தடுக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. அவசர பிரேக்குக்கு ஆதாரம் உண்டு, ஸ்டியரிங் வசதிக்கு இல்லை. ஷோரூமில் இரண்டையும் ஒரே பெயரில் ஒரே விலையில் விற்கிறார்கள்.

அவன் டாப் மாடலைத்தான் எடுத்தான். நானும் எடுக்கத்தான் சொன்னேன். தானே போடும் அந்த பிரேக்குக்காக ஒன்றரை லட்சம் கொடுக்கலாம் என்பதே என் கருத்து, அதுவும் பகலுக்கும் ஊருக்குள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன்: வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்கிவிட்டு சனிக்கிழமை விடிகாலை கிளம்ப வேண்டும். "பாதி சனிக்கிழமை போயிடும் மாமா, பாப்பா நான் வர்றப்ப முழிச்சிருக்கும்" என்றான். ஐந்து வருடமாக அவள் தூங்கிய பிறகுதானே போய்ச் சேருகிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

போன வாரம் சனிக்கிழமை பத்தரை மணிக்கு ஒரு போட்டோ வந்தது. புது வண்டியின் திரையில் பாப்பா எதையோ அமுக்கிக்கொண்டிருக்கிறாள். வண்டி போர்ட்டிகோவில் நிற்கிறது.